கூடைக்குத் திரும்ப வேண்டிய துணி

லெவரெட் தெரு பாப்டிஸ்ட் சபையின் போதகர் அவர்களே, டாலிவர் கல்லூரியின் அறங்காவலர் குழுவினரே, கல்லூரியின் முன்னாள் டீன் டாக்டர் விட்லோ அவர்களே, இந்தச் சபையின் மூத்த தாய் மதர் பெட்வே அவர்களே, வெர்னெல் ஸ்டால்வொர்த் அம்மையாரோடு பிறந்தவர்களே, அவரிடம் ஆடக் கற்று இன்று தங்கள் பிள்ளைகளோடு வந்திருக்கும் பெண்களே, டன்மோர் நகரத்தாரே,

கதவுக்கு அந்தப் பக்கம் முன்கூடத்தில் நின்றுகொண்டிருக்கும் பன்னிரண்டு பேரே, உங்களோடு நிற்கும் துணைப் பயிற்சியாளர் லட்ரீஸ் ஓடம் அவர்களே,

உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். முன்கூடத்திலும் ஒலிபெருக்கி உண்டு. கைக்குழந்தை அழுதால் தூக்கிக்கொண்டு போகும் தாய்மாருக்காகப் பொருத்தியது. ஆகவே நான் பேசுவது வெளியே நிற்பவர்களுக்கும் கேட்கும் என்று நம்புகிறேன்.

நிகழ்ச்சி நிரலில் என் பெயருக்கு நேரே 'இரண்டு நிமிடம், தயவுசெய்து' என்று அச்சிட்டிருக்கிறார்கள். இந்தச் சபையில் நடந்த இரங்கல் கூட்டங்களை நாற்பது ஆண்டுகளாக 'டன்மோர் பீக்கன்' வார இதழுக்கு எழுதி வந்தவன் நான். அந்த வரியை மதித்த ஒருவரையும் பார்த்ததில்லை. நானும் மதிக்கப் போவதில்லை. இரண்டாம் வரிசையில் இருக்கும் அறங்காவலர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் இருந்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வெளியே என்ன நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உள்ளே இருப்பவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

காலை பத்து மணி இருபது நிமிடத்துக்கு டாலிவர் கல்லூரியின் நடனக் குழுவான ரூபி வரிசைப் பெண்கள் பன்னிரண்டு பேர் கல்லூரி வண்டியில் வந்து இறங்கினார்கள். பேண்டுக்கு முன்னால் ஆடும்போது போடும் உடுப்பில் வந்தார்கள். சிவப்பு ஜிகினா, வெள்ளை பூட்ஸ், தொடை தெரியும் உடுப்பு. வெர்னெல் அம்மையார் இறப்பதற்கு முன் தன் கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டுப் போன ஏற்பாடு அது. வாசலில், வருவோரை உள்ளே அமர்த்தும் சபை சிஸ்டர் ஒருவர் வெள்ளைக் கையுறை போட்டுக் கூடையோடு நின்றார். அந்தக் கூடை உங்களுக்குத் தெரியும். அதில் கஞ்சி போட்டுத் தேய்த்த சதுரமான வெள்ளைத் துணிகள் இருக்கும். பாவாடை முழங்காலுக்கு மேலே ஏறிய பெண் உள்ளே வந்தால், சிஸ்டர் ஒரு துணியை எடுத்துக் கொடுப்பார். அவள் வாங்கி மடியில் விரித்துக்கொள்வாள். கொடுப்பவரும் பேசமாட்டார், வாங்குபவளும் பேசமாட்டாள். பேச்சே இல்லாமல் நடப்பதுதான் அந்தத் துணியின் பலம்.

இன்று பேச்சு நடந்தது. லட்ரீஸ் ஓடம் துணியை வாங்க மறுத்தார். "இந்த உடுப்புல வரச் சொன்னது கோச். இதை மூடிக்கிட்டு உள்ள வந்தா, அவங்க இருபத்துமூணு வருஷமா செஞ்சதை அவங்க சாவுல வெச்சு நாங்களே மூடின மாதிரி ஆயிடும். நாங்க இங்கயே நிக்கிறோம் சிஸ்டர்" என்றார். சிஸ்டர் வருத்தத்தோடுதான் பதில் சொன்னார். "சட்டம் போட்டது நான் இல்ல கண்ணு. கதவைச் சாத்தச் சொல்றாங்க, சாத்துறேன்." இரண்டு பக்கத்தையும் விசாரித்துத்தான் இதைச் சொல்கிறேன். பழக்கதோஷம்.

கதவு சாத்தப்பட்டது. பிறகு நாம் முதல் பாடலைப் பாடினோம்.

வெர்னெல் ஸ்டால்வொர்த் யார்? நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில் இருக்கிறது: இருபத்து மூன்று ஆண்டுகள் ரூபி வரிசையின் பயிற்சியாளர், இந்தச் சபையின் உறுப்பினர், ஐம்பத்து மூன்று வயது, சிறுநீரக நோய். எல்லாம் சரி. ஆனால் அதில் ஓர் ஆண்டு விடுபட்டிருக்கிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்று. அந்த ஆண்டில் அவர் ரூபி வரிசையின் தலைவியாக இருந்தார். அதை யாரும் அச்சிடவில்லை. ஏன் அச்சிடவில்லை என்பது இந்த அறையில் ஐம்பது வயதைத் தாண்டிய எல்லோருக்கும் தெரியும்.

இந்த ஆட்டம் எப்படி நடக்கும் என்று இளையவர்களுக்குத் தெரியும்; அறங்காவலர்களில் சிலர் கவனித்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம். தலைவி முன்னால் நிற்பாள். எந்த ஆட்டம் என்று யாருக்கும் சொல்லமாட்டாள். திடீரென்று தொடங்குவாள். எட்டு எண்ணிக்கை அவள் தனியாக ஆடுவாள். பின்னால் நிற்பவள் அவள் தோளைப் பார்த்து, இடுப்பைப் பார்த்து, காலைப் பார்த்து, எட்டு முடிந்ததும் பிடித்துக்கொள்வாள். அவளிடமிருந்து அடுத்த வரிசை. அப்படியே பார்வையாளர் படிக்கட்டில் கீழிருந்து மேலே ஆட்டம் ஏறும். அந்த முதல் எட்டு எண்ணிக்கையில் தலைவிக்குத் துணை இல்லை. மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள் என்று நம்பித்தான் அவள் உடம்பை அசைக்கிறாள்.

தொண்ணூற்றொன்று செப்டம்பரில் நம் மைதானத்தில் அப்படி அவர் தொடங்கியபோது, படிக்கட்டின் அடியிலிருந்து ஒரு கேமரா மேல்நோக்கிப் படம் பிடித்தது. நவம்பரில் ஒரு பாட்டு தொலைக்காட்சியில் வந்தது. நாடு முழுவதும் வாய்க்கு வாய் இருந்த பாட்டு. அதில் நான்கு விநாடிகள் நம் ரூபி வரிசை. கழுத்துக்கு மேலே இல்லை. முழங்காலுக்குக் கீழே பூட்ஸின் விளிம்பும் குஞ்சமும் மட்டும். நடுவில் இருந்தது முழுவதும் திரையை நிரப்பியது. யாரிடமும் கேட்கவில்லை, எந்தக் கல்லூரி என்று சொல்லவில்லை. முகமே இல்லாத ஓர் உடம்பு, நான்கு விநாடி.

டன்மோரில் என்ன நடந்தது? பழைய மாணவர்கள் கல்லூரிக்குத் தொலைபேசி செய்தார்கள். இந்த மேடையில் பிரசங்கம் நடந்தது. 'நம் வீட்டுப் பெண்களை நாமே இப்படி வெளியே அனுப்பினால் வெள்ளைக்காரர்கள் கறுப்பர்களான நம்மை என்ன நினைப்பார்கள்' என்று பேசாத சாப்பாட்டு மேசை இந்த ஊரில் இல்லை. எல்லோருக்கும் ஒரே கேள்விதான். அது யார்?

அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடித்தவன் நான்.

அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது. அந்த நான்கு விநாடிகளை ஒளிநாடாவில் பதிவு செய்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். இடது பூட்ஸின் குஞ்சம் நீல நூலால் தைக்கப்பட்டிருந்தது. மற்ற எல்லாக் குஞ்சங்களும் வெள்ளை நூல். பேண்டு அறை வாசலில் பயிற்சிக்குப் பிறகு பூட்ஸ்களை வரிசையாகக் கழற்றி வைப்பார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அங்கே போனேன். குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஏழாவது ஜோடியில் நீல நூல். உள்பக்கம் பெயர் எழுதியிருந்தது.

நவம்பர் பதினான்காம் தேதி 'பீக்கன்' முதல் பக்கத்தில் செய்தி வந்தது. 'நான்கு விநாடிப் பெண் யார்?' வெர்னெல் ஸ்டால்வொர்த், இருபது வயது, டாலிவர் கல்லூரி மூன்றாம் ஆண்டு மாணவி. கீழே அவர் பள்ளிக்கூடப் படம், ரிப்பன் கட்டிய தலையோடு. உடம்புக்கு முகத்தைத் தேடிக் கொடுத்த நிருபர் என்று என் ஆசிரியர் முதுகில் தட்டினார். பெயர் சரி, வயது சரி, நூலின் நிறம் சரி. அந்தச் செய்தியில் ஓர் எழுத்துப் பிழை கூடக் கிடையாது.

அந்த வாரமே தலைவிப் பதவி போனது. விடுதி அறை போனது. கிறிஸ்துமஸுக்குள் ரூபி வரிசையையே கலைத்தார்கள். மற்றப் பதினொரு பெண்களும் வெள்ளை பூட்ஸைப் பெட்டியில் வைத்து மூடினார்கள்.

செய்தி வந்த பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் இந்தச் சபைக்கு வந்தார். இடது பக்கம், நான்காவது வரிசை. நான் மேல்மாடத்தில் இருந்தேன். அவர் போட்டிருந்த பாவாடை கணுக்கால் வரை இருந்தது. சாம்பல் நிறம். அந்த இரண்டு விவரங்களையும் அன்றே குறிப்பேட்டில் எழுதினேன், இன்னும் இருக்கிறது. முதல் பாடல் முடிந்ததும் வாசல் சிஸ்டர் ஒருவர் நடைபாதையில் வந்து, அவர் பக்கத்தில் நின்று, கூடையிலிருந்து ஒரு துணியை எடுத்து அவர் மடியில் விரித்தார்.

கணுக்கால் வரை மூடிய பெண்ணுக்கு. எதை மூட?

அவர் துணியை எடுக்கவில்லை. உதறவில்லை. கடைசி ஆமென் வரை இரண்டு கையையும் அதன் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். பத்து ஆண்டுகள் இந்த ஊருக்கு வரவில்லை.

அந்தப் பத்து ஆண்டுகளில் அவர் வேறு ஊர் மருத்துவமனை ஒன்றில், பக்கவாதம் வந்தவர்களுக்கு மறுபடி நடக்கப் பழக்கினார். கையைப் பிடித்துக்கொண்டு எட்டு வரை எண்ணுவாராம். எட்டு வரைக்கும் கையை விடமாட்டாராம். இரண்டாயிரத்து ஒன்றில் புதிதாக வந்த பேண்டு தலைவர் கூப்பிட்டு, ரூபி வரிசையை மறுபடி தொடங்க முடியுமா என்று கேட்டார். வந்தார். கல்லூரி பதினான்கு நிபந்தனைகளைத் தட்டச்சு செய்து கொடுத்தது. முழங்காலிலிருந்து எத்தனை அங்குலம் என்பது முதல் நிபந்தனை. டாக்டர் விட்லோ, நீங்கள் அப்போது டீன். நீங்களே மர அளவுகோலோடு பயிற்சி அறைக்கு வந்தீர்கள். சிரிக்கிறீர்கள். நல்லது, நினைவிருக்கிறது.

அங்கே நடந்ததை உங்கள் வாயால் சொல்லித்தான் நான் கேட்டேன். பெண்கள் வரிசையாக நின்றார்கள். நீங்கள் முதல் பெண்ணின் எதிரே குனியப் போனீர்கள். வெர்னெல் அம்மையார் தடுக்கவில்லை. "அளங்க டீன் சார், தாராளமா அளங்க. ஒண்ணே ஒண்ணு. அளக்கும்போது அவ கண்ணைப் பாத்துக்கிட்டே அளங்க" என்றார்.

நீங்கள் முயன்றீர்கள். முடியவில்லை. தொடையில் அளவுகோலை வைத்துக்கொண்டு முகத்தைப் பார்க்க யாராலும் முடியாது. அளவுகோலை மேசை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். அது அங்கேயே இருந்தது. ஜன்னல் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க அதைத்தான் கடைசி வரை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்.

அவரைப் பாராட்டத்தான் நிற்கிறேன். ஆனால் குற்றமே இல்லாதவராக்கிப் பாராட்டினால், 'என்ன பேப்பர்காரரே, பொய் எழுத எப்பக் கத்துக்கிட்டீங்க' என்று அவரே கேட்பார். ஆகவே லட்ரீஸ் ஓடத்தின் கதையையும் சொல்ல வேண்டும். லட்ரீஸ், உங்கள் அனுமதி இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

லட்ரீஸ் கல்லூரிக்கு வந்தபோது நூற்றுப் பத்துக் கிலோ எடை. தேர்வில் அவர்தான் முதல். வெர்னெல் அம்மையார் அவரை வரிசையில் சேர்த்தார். கடைசி வரிசையில், ஓரத்தில். இரண்டு ஆண்டு அங்கேயே நிறுத்தினார். பிறகு ஒரு நாள் பயிற்சியில் ஒன்றைக் கவனித்தார். முன்வரிசைப் பெண்கள் எண்ணிக்கை தவறும்போது தலையைச் சற்றே சாய்த்தார்கள். பின்னாலிருந்து வரும் லட்ரீஸின் பூட்ஸ் சத்தத்தைக் கேட்டுப் பிடித்துக்கொண்டார்கள். பின்னால் நின்றவள்தான் அணிக்குத் தலைமை தாங்கிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் ஆண்டு லட்ரீஸைத் தலைவியாக்கினார். முதல் வெளியூர் ஆட்டத்தில் எதிர்ப்பக்கப் படிக்கட்டில் இருந்தவர்கள் மாடு போலக் கத்தினார்கள். கத்தியவர்களும் நம் நிறத்தவர்கள்தான், நம் பிள்ளைகள்தான். ரூபி வரிசை அசையாமல் நின்றது. லட்ரீஸ் தலையைத் தூக்கினார். தெரிந்ததிலேயே மிக மெதுவான ஆட்டத்தைத் தொடங்கினார். ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் ஒரு மூச்சு. மெதுவான ஆட்டத்தில் எதையும் ஒளிக்க முடியாது. நான் அங்கே இருந்தேன். ஐந்தாவது எண்ணிக்கையில் கத்தல் நின்றது. எட்டாவதில் பின்வரிசை பிடித்துக்கொண்டது. ஆட்டம் முடிவதற்குள் எதிர்ப்பக்கத்தில் எழுந்து நின்றுவிட்டார்கள்.

கீழே இறங்கி வந்த லட்ரீஸிடம் கோச் சொன்னது: "இடது காலு லேட்டு."

வண்டியில் திரும்பும்போது லட்ரீஸ் கேட்டுவிட்டார். "ரெண்டு வருஷம் ஏன் கோச் என்னைப் பின்னால நிக்க வெச்சீங்க?"

வெர்னெல் அம்மையார், "பயந்துட்டேன் கண்ணு. உன்னைப் பாத்து ஒருத்தன் சிரிச்சா நம்ம எல்லாரையும் பாத்துச் சிரிப்பானேன்னு பயந்தேன். என்னைத் துரத்தினவங்க பேசினதும் இதேதான், வார்த்தைக்கு வார்த்தை. அவங்க சொல்லும்போது எனக்குத் தப்புன்னு தெரிஞ்சது. நான் சொல்லும்போது தெரியல" என்றார்.

பல பேட்டிகள் எடுத்திருக்கிறேன். தன்னைப் பற்றி இவ்வளவு நேர்மையான ஒரு வாக்குமூலத்தை எந்தத் தலைவரிடமும் நான் வாங்கியதில்லை.

கடந்த ஓராண்டாக வாரம் மூன்று காலை அவருக்கு இரத்தச் சுத்திகரிப்பு நடந்தது. நான்கு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமைகளில் நான் போய் உட்கார்வேன். அவர் கைப்பேசியில் பயிற்சியைப் பார்த்துக்கொண்டே, "மூணாவது வரிசையில ஒருத்தி தூங்குறா, எழுப்பு" என்று லட்ரீஸை விரட்டுவார். தொண்ணூற்றொன்றைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியதே இல்லை.

சென்ற மாதம் அது மறுபடி வந்தது. ஓர் ஆட்டத்தின்போது யாரோ கைப்பேசியில் கீழிருந்து பிடித்த ஒன்பது விநாடிகள். ஊர் ஊராகப் பரவியது. அதே தொலைபேசி அழைப்புகள், அதே சாப்பாட்டு மேசைப் பேச்சு. வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அறங்காவலர் குழு கூடுகிறது. ரூபி வரிசையைக் கலைப்பதா வேண்டாமா என்பது நிரலில் மூன்றாவது. அந்தச் செய்தியை அவரிடம் கொண்டு போனவன் நான்தான்.

அவர் கோபப்படவில்லை. என்னைப் பார்த்தார்.

"அன்னிக்கு நீங்க எழுதினது எல்லாம் சரிங்க பேப்பர்காரரே. நூலு நீலம்தான். நானே தெச்சேன். அதுல ஒரு தப்பும் இல்ல, அதான் என்னால மறுத்துப் பேச முடியல" என்றார். "ஒண்ணு மட்டும் கேக்கணும்னு முப்பது வருஷமா நினைச்சிக்கிட்டு இருக்கேன். என் பூட்ஸைத் தேடி வந்து குனிஞ்சு பாத்தீங்க. கேமராவை யாரு புடிச்சிருந்தான்னு தேடுனீங்களா?"

இல்லை, என்றேன்.

"என் தலையை வெட்டினது யாருன்னு?"

இல்லை.

"ஒரு போன் கூடப் பண்ணல."

பண்ணவில்லை. அந்தப் பாட்டைக் காட்டிய உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையம் என் அலுவலகத்திலிருந்து ஆறு தெரு தள்ளி இருந்தது. பாட்டு நிறுவனத்தின் முகவரி இசைத்தட்டின் உறையிலேயே அச்சிட்டிருந்தது. ஓர் இளம்பெண்ணின் தலையை நறுக்கிவிட்டு மிச்சத்தை நாட்டுக்கே காட்டிய ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் பெயர் இருந்தது, மேசை இருந்தது, தொலைபேசி இருந்தது. எனக்கு அது தோன்றவே இல்லை. யாருக்குமே தோன்றவில்லை. உடம்பு யாருடையது என்று கேட்ட ஊர், வெட்டியது யார் என்று கேட்கவில்லை.

அவர் கைப்பையைத் திறந்து இந்தத் துணியை எடுத்துக் கொடுத்தார்.

முன்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரியும். பழுப்பேறியிருக்கிறது, மடிப்பு ஓரத்தில் நைந்துபோயிருக்கிறது. "இது சபையோட சாமான். எங்கிட்ட ரொம்ப நாளா இருக்கு. நான் போனப்புறம் கூடையில திருப்பிப் போட்டுடுங்க" என்றார்.

இதை அவர் மடியில் விரித்தவர் இந்த மேடையில் இருக்கிறார். மதர் பெட்வே, உங்கள் அனுமதியோடு சொல்கிறேன். சென்ற வியாழக்கிழமை உங்கள் வீட்டுக்குத் துணியோடு வந்தேன். நீங்கள் மறக்கவில்லை, மறுக்கவும் இல்லை. எனக்குத் தேநீர் கொடுத்தீர்கள். பிறகு சொன்னீர்கள்.

"தம்பி, அவளை அசிங்கப்படுத்தணும்னு போடல. சபை முழுக்க அவளையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அந்தப் பார்வையிலேருந்து மறைஞ்சுக்க அவளுக்கு ஏதாவது ஒண்ணு குடுக்கணும்னு தோணிச்சு. எங்கிட்ட இருந்தது அந்தத் துணி ஒண்ணுதான். பதினாலு வயசுல நான் வீட்டு வேலைக்குப் போனேன். கழுத்து வரைக்கும் பொத்தான் போட்டு அனுப்பினா எங்கம்மா. மூடிக்கிட்டா தப்பிச்சுக்கலாம்னு சொல்லித்தான் வளத்தா."

நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். "தப்பிச்சீங்களா மதர்?"

நீங்கள் கோப்பையைக் கீழே வைத்தீர்கள்.

"இல்ல" என்றீர்கள். "மூடிக்கிட்டுத்தான் இருந்தேன். மேல் பொத்தான் வரைக்கும்."

எண்பத்தெட்டு வயதில் இந்தத் தாய் முதன்முதலாகச் சொன்ன சொல் அது. இதை ஊரறியச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "சொல்லு. நான் மேடையில உக்காந்திருக்கும்போதே சொல்லு" என்றார். சொல்லிவிட்டேன்.

அறங்காவலர்களே, திங்கட்கிழமை நீங்கள் கை தூக்குவதற்கு முன் இந்த இரண்டு பெண்களையும் நினைத்துப் பாருங்கள். ஒருத்தி கழுத்து வரை மூடியிருந்தாள். ஒருத்தி ஜிகினா போட்டு ஆடினாள். இரண்டு பேருக்கும் தீங்கு செய்தவர்களின் பெயர் எந்தச் செய்தித்தாளிலும் வரவில்லை. இரண்டு பேருக்கும் நாம் கொடுத்தது துணிதான். நம்மை யாராவது ஏதாவது நினைத்துவிடுவார்களோ என்று பயந்து, நம் பெண்களின் முழங்காலை அளந்துகொண்டே இவ்வளவு காலம் வந்துவிட்டோம். அந்த 'யாராவது' ஒரு நாளாவது நம்மைப் பற்றி நல்லதாக நினைத்தார்களா? அந்த ஒன்பது விநாடிகளைக் கீழிருந்து படம் பிடித்தவனை யாராவது கூப்பிட்டு விசாரித்தீர்களா? அவனுக்கு ஒரு நிபந்தனையாவது தட்டச்சு செய்தீர்களா?

நான் நிருபன். வாக்குறுதி கொடுத்துப் பழக்கமில்லை, திருத்தம் போட்டுப் பழக்கம். வரும் வியாழக்கிழமை 'பீக்கன்' முதல் பக்கத்தில், பழைய செய்தி வந்த அதே இடத்தில், அதே அளவில் இது வரும். இப்போதைய ஆசிரியர் ஒப்புக்கொண்டுவிட்டார். படிக்கிறேன்.

'திருத்தம். தொண்ணூற்றொன்றாம் ஆண்டு நவம்பர் பதினான்காம் தேதியிட்ட இதழில், தொலைக்காட்சியில் வந்த நான்கு விநாடிப் பெண் யார் என்று கேட்டு, அவர் பெயரை வெளியிட்டோம். பெயர் சரி. கேள்வி தவறு. அந்தப் பெண்ணை அனுமதியின்றிப் படம் பிடித்தவர் யார், முகத்தை நீக்கியவர் யார், அதை விற்றவர் யார் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அதன் விலையை வெர்னெல் ஸ்டால்வொர்த்தும் மற்றப் பதினொரு மாணவிகளும் கொடுத்தார்கள். தவறு இந்தச் செய்தியாளருடையது. விடுபட்ட கேள்விகளை அவர் இப்போது கேட்கத் தொடங்கியிருக்கிறார்.'

அவ்வளவுதான். அவர் உயிரோடு இருக்கும்போது எழுதியிருக்கலாம். நாற்காலியில் சாய்ந்தபடி படித்து, ஏதாவது ஓர் இடத்தில் பிழை கண்டுபிடித்திருப்பார்.

இனி நான் பேச எதுவும் இல்லை. ஒரு வேலை பாக்கி இருக்கிறது. இந்தத் துணியைக் கூடையில் திருப்பிப் போட வேண்டும். கூடை முன்கூடத்தில் இருக்கிறது, அந்தப் பெண்களுக்குப் பக்கத்தில். அதற்குக் கதவைத் திறந்தாக வேண்டும்.

யாரையும் திறக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. போதகர் அவர்களே, உங்கள் உத்தரவையும் கேட்கவில்லை, மன்னியுங்கள். சட்டம் என் முழங்காலுக்கு இல்லை. அறுபத்தாறு ஆண்டுகளில் யாரும் என் மடியில் ஒரு துணி போட்டதில்லை. நான் எழுந்து நடந்தால் தடுக்க மாட்டீர்கள். இந்த மேடையிலிருந்து கதவுக்கு இருபத்தாறு அடி. காலையில் காலால் அளந்து பார்த்தேன்.

வெர்னெல் அம்மையாரே, உங்கள் ஆட்டத்தை இத்தனை ஆண்டு வேடிக்கை பார்த்தவன் கற்றுக்கொண்டது ஒன்றுதான். முதலில் ஒருவர் தொடங்க வேண்டும். எட்டு எண்ணிக்கை தனியாகப் போக வேண்டும். பிறகு பின்னால் இருப்பவர்கள் பிடித்துக்கொள்வார்கள், பிடிக்காமலும் போவார்கள்.

மதர் பெட்வே, நீங்கள் ஏன் எழுந்திருக்கிறீர்கள்? எட்டு வரைக்கும் பொறுக்க வேண்டும் அம்மா.

சரி. என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மெதுவாகவே போகலாம்.

லட்ரீஸ், வெளியே கேட்கிறதா? எண்ணுங்கள்.